ஊர்தி இல்லத்து அலமாரியும் உப்புக் காற்றும்

சங்க நூல்களைப் பயில்வார்க்கு உமணர் புதியவரல்லர். நெய்தல் நிலத்து உப்பை வண்டியிலேற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்று விலைமாறிய அம்மக்கள் குடும்பத்தோடே வழிச்சென்றனர். பெரும்பாணாற்றுப்படை அவர்தம் வண்டியைக் காட்டுமிடத்துக் கோழி தங்கும் கூடும், கட்டித் தொங்கவிட்ட சிற்றுரலும், காடி வைத்த கலமும், மகவை உடைய மனையாள் எருதுகளை ஓட்டிச் செல்லுதலும் நம் கண்முன் தோன்றுகின்றன. அஃது ஊர்தி மட்டுமன்று, இல்லமுமாம். வண்டி குலுங்குந்தோறும் அவ்வுரலும் கலமும் இடித்து உடையாதிருக்க எவ்வாறு கட்டினர் என்று வகுப்பில் யாம் வினவியபோது தோழர் சிலர் நகைத்தனர். எம் வினாவிற்குக் காரணமுண்டு. அதற்கு முந்திய கோடை விடுமுறையில் அச்சிக்கலைத் தங்கச்சிமடத்தில் எம் தாய்மாமன் பட்டறையில் யாம் நேரிற் கண்டிருந்தோம். அங்கு நின்ற வண்டிக்கு எருதில்லை, எந்திரமுண்டு. உப்பை அது சுமக்கவில்லை, உப்பே அதனை அரித்துக்கொண்டிருந்தது.

இக்காலத்து ஊர்தி இல்லத்தைக் காரவன் என்றும் கேம்பர் வேன் என்றும் வழங்குகின்றனர். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, துணி வைக்கும் அலமாரி ஆகியவற்றை ஒரு வேனுக்குள் அடக்கி, வேண்டிய இடத்தில் நிறுத்தித் தங்குவது இதன் பயன். மேனாட்டில் இன்பச் செலவுக்கென்றே கட்டப்பெற்ற முதல் வண்டியாகப் பலரும் குறிப்பது, கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1885-இல் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையிற் செய்வித்த 'வாண்டரர்' என்பதாம். மகாகனி மரமும் மேப்பிள் மரமுங் கொண்டு இழைத்த அவ்வண்டியைக் குதிரைகள் இழுத்தன. நம் நாட்டில் கேரள அரசு 2021-இல் காரவன் சுற்றுலாவிற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டரசின் 2023-ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையும் இதற்கு இடந்தந்துள்ளது. எனினும் பாம்பன் பாலத்தைக் கடந்துவரும் வண்டிகளுள் இத்தகையன இன்னும் அரியனவே.

மதுரையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் துணைவியாரும் டெம்போ டிராவலர் வண்டி ஒன்றை வாங்கி, வெளியூர்ப் பட்டறை ஒன்றில் அலமாரிகள் பொருத்துவித்து, ஆண்டிற் பாதியை மண்டபம், இராமேசுவரம், சேதுக்கரை என்று கடலோரத்திலேயே கழிப்பவர். இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் அவ்வலமாரிகள் கெட்டன. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த 'பார்ட்டிகில் போர்டு' என்னும் பலகையால் ஆனவை அவை. நீர்த்தொட்டியின் கீழிருந்த கதவு நனைந்த ரொட்டித்துண்டு போலப் பருத்து, கீலின் திருகாணிகளைத் தானே வெளியே தள்ளிவிட்டிருந்தது. அவர்கள் எம் மாமனை நாடி வந்தனர். மாமன் படகு செய்யும் தச்சர். நாரிழைப் படகுகள் மிகுந்து மரப்படகு வேலை குறைந்ததனால், சன்னல், கதவு, அலமாரி என எவ்வேலை வரினும் ஏற்பவர். "கடலில் மிதப்பதைச் செய்த கைக்குச் சாலையில் ஓடுவது பெரிதா?" என்று கூறி இவ்வேலையையும் ஏற்றார். யாம் அவருக்கு எடுபிடியாக நின்றோம்.

அலமாரிகள் வெகு அழகாக அமைந்தன. ஆசிரியரின் துணைவியார் பட்டறையிலிருந்தோர் அனைவருக்கும் கருப்பட்டிப் பணியாரம் வழங்கினார். பிறகு ஐப்பசி மழை வந்தது. கார்த்திகை முடிவதற்குள் வேன் திரும்பிவந்தது. கதவுகளுட் பாதி வில்லாய் வளைந்திருந்தன. சிலவற்றின் மேலொட்டிய தகடு அடிவிளிம்பிலிருந்து உரிந்து நாக்குப்போல் தொங்கிற்று. அதனினும் எம்மை வருத்தியது மற்றொன்று. வேனில் அவர்களோடு தங்கிய ஐந்து வயதுப் பேத்திக்கு உள்ளே படுத்த இரவெல்லாம் கண் எரிந்து நீர் வடிந்ததாம். வெளியே வந்தால் தணிந்ததாம். மாமன் பெற்ற கூலியோ அவர் இளைய மகளின் கல்லூரிக் கட்டணமாகச் செலவாகிவிட்டிருந்தது. மறுவேலைக்கு அவர் பணங் கேட்கவில்லை. வேலை தன்னுடையது, பிழையும் தன்னுடையது என்பது அவர் துணிபு. "முகத்துக்குச் சாயம் பூசி முதுகை மறந்துபோனோம், மருமகனே" என்று மட்டுஞ் சொன்னார். அச்சொல்லின் பொருளை யாம் அறிந்துகொண்ட வரலாறே இக்கட்டுரையாம்.

முதற்கண் அம்மேற்றகடு யாதென்று காண்போம். தச்சர் அதனை மைக்கா என்பர். சன்மைக்கா என்பாரும் உளர். அதனுள் மைக்கா, அதாவது அப்பிரகம், அணுவளவும் இல்லை என்பது வியப்பு. 1912-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஓகானர், ஃபேபர் என்னும் இருவர், மின்கருவிகளிற் காப்பாகப் பயன்பட்ட விலைமிக்க அப்பிரகத்துக்கு மாற்றாக, பிசின் தோய்ந்த அடுக்குகளால் ஒரு பொருளைச் செய்தனர். மைக்காவுக்குப் பதிலாக என்னும் பொருள்பட அதற்கு 'ஃபார்மைக்கா' என்று பெயரிட்டனர். 'பதிலாக' என்ற சொல் வழியில் உதிர்ந்துபோக, நம் தச்சர் நாவில் எது இல்லையோ அதுவே பெயராய் நின்றுவிட்டது! மொழிநூல் பயில்வோர் இதனைத் தம் குறிப்பேட்டில் வரைந்துகொள்ளலாம்.

இற்றைநாள் மைக்காத் தகடு பெரும்பகுதி காகிதமே. பழுப்புநிறத் தடித்த காகிதங்கள் பலவற்றைப் பீனாலிக் பிசினில் தோய்த்து அடுக்குவர். அவற்றின்மேல் மரவரியோ பிற கோலமோ அச்சிட்ட ஒரு தாளை மெலமின் பிசினில் தோய்த்து வைப்பர். மிக்க சூட்டிலும் அழுத்தத்திலும் அனைத்தையும் ஒன்றாக்குவர். எட்டடி நீளமும் நான்கடி அகலமும் ஒரு மில்லிமீட்டர் கனமும் உடைய தகடு ஏறத்தாழ 4 கிலோ நிறுக்கும். அதன் முகம் நீருக்கும் கறைக்கும் நகக்கீறலுக்கும் எளிதில் தோலாது. ஆயின் முதுகும் விளிம்பும் அவ்வன்மை உடையன அல்ல. எத்துணைப் பிசினேற்றினும் காகிதம் காகிதமே. ஈரக்காற்றில் விரியும், வறட்சியிற் சுருங்கும்.

வெனீர் என்பதோ மெய்யான மரம். தேக்கு முதலிய நன்மரத்தைக் கத்தியால் அரை மில்லிமீட்டர் அளவிற் சீவி எடுத்த ஏடு அது. ஒரு மரத்துண்டு கொண்டு ஓர் அறை முழுமையும் போர்த்தலாம். இக்கலை நேற்றுப் பிறந்ததன்று. எகிப்து நாட்டு அரசன் துத்தன்காமனின் கல்லறையிற் கிடைத்த பொருள்களிற் கருங்காலி ஏடும் தந்த ஏடும் ஒட்டியவை உள. சக்காரா என்னுமிடத்துக் கிடைத்த, அதனினும் ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு மேல் மூத்த சவப்பெட்டி ஒன்றின் பக்கங்கள், மெல்லிய பலகைகளை ஒன்றன்மேலொன்றாக வரி மாறுமாறு ஆறடுக்காக அமைத்துச் செய்தவை. இக்கால ஒட்டுப்பலகையின் தத்துவம் அதுவே. 1936-இற் கடலோடத் தொடங்கிய 'குவீன் மேரி' என்னும் பெருங்கப்பலில் 50-க்கும் மேற்பட்ட மரவகைகள் பயன்பட்டமையின் அதனை அழகிய மரங்களின் கப்பல் என்று அழைத்தனர். அவ்வழகிற் பெரும்பகுதி வெனீர் ஏடுகளால் வந்தது. எனவே, கடலுக்கு அஞ்சி வெனீரை விலக்க வேண்டுமென்பார் கூற்று முற்றும் பொருந்தாது. கப்பலின் உள்ளறைக்கு உரிய காவலை நம் வேனுக்கும் தரவேண்டும், அவ்வளவே.

அக்காவல் யாதென்று அறிய, பகை யாதென்று முதலில் அறிதல் வேண்டும். எம் கரையில் பகை உப்பு. இராமநாதபுரத்துக் கரையோரத்தில் இருப்போர்க்கு இதனை விளக்கல் வேண்டா; வாலிநோக்கத்தில் அரசினர் உப்பு நிறுவனமே உப்பளங்களை நடத்துகின்றது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார் உலோகங்களின் அரிப்பை ஆராய்வதற்கு மண்டபம் முகாமை ஒரு நிலையமாகத் தேர்ந்ததும் இக்காற்றின் கொடுமை பற்றியே. 1914-இல் திறந்த பாம்பன் இரயிற்பாலத்துக்கு மாற்றாக 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதுப்பாலத்தின் எஃகுக்குப் பாலிசிலாக்சேன் என்னும் தனிவகைப் பூச்சுப் பூசியுள்ளனர். பாலத்துக்கு அத்துணைக் காவலென்றால் திருகாணியும் பலகையும் எம்மாத்திரம்!

ஆயினும் உப்பு மரத்தை என் செய்யும்? இங்குத்தான் யாம் நெடுநாள் தவறாக எண்ணியிருந்தோம். உப்பு மரத்தை இரும்பைப்போல் தின்பதில்லை. அது நீரை அழைத்துவரும் தூதனாகின்றது. சமையலுப்பாகிய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவை எட்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் அதனோடு கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ, 33 அளவிலேயே கரையத் தொடங்கிவிடும். எம் கரையில் அத்துணை வறண்ட காற்று வீசும் நாள் அரிதினும் அரிது. ஆகவே உப்புப் படிந்த பலகை வெயில் நாளிலும் உள்ளூர ஈரமாகவே இருக்கும். துடைத்துவிட்டோம், உலர்ந்துவிட்டது என்று நாம் நம்பி அதன்மேற் பசை பூசுவோமாயின், ஈரத்தின்மேற் பசை பூசியவராவோம். கோடையில் யாம் செய்த முதற்பிழை இதுவே. பழைய சட்டங்களை உலர்துணியால் தூசி தட்டினோமேயன்றி நன்னீராற் கழுவினோமில்லை. மறுமுறை மாமன் செய்தது எளிது. நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மும்முறை துடைத்து, துடைத்த நீரை நாவில் வைத்துப் பார்த்து, கரிப்பு அறவே நீங்கிய பின்னர் நிழலில் நான்குநாள் உலரவிட்டார். வேதியியல் மாணவர் இதற்கு நுண்ணிய சோதனை கூறுவர். நாவும் பொய் கூறவில்லை.

இரண்டாவது பிழை முதுகு. கோடையிற் கதவுகளின் முன்முகத்தில் மட்டும் மைக்கா ஒட்டி, உட்புறத்தில் ஒரு கை எனாமல் வண்ணம் பூசி விடுத்தோம். செலவும் எடையும் குறையுமென்பது எண்ணம். மழைக்காலத்து ஈரம் வந்தபோது முன்முகம் ஒருவகையாகவும் பின்முகம் மற்றொரு வகையாகவும் விரியலாயின. இரண்டுக்கும் இடையே அகப்பட்ட பலகை வளைந்தது. ஒருபுறம் மட்டும் பசை தடவிய காகிதம் சுருண்டுகொள்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். கதவு செய்ததும் அதுவே. ஆகவே முன்னே ஒட்டியதற்கு ஈடாகப் பின்னேயும் ஒரு தகடு ஒட்டுதல் வேண்டும். உட்புறத்துக்கென்று மெல்லிய வெண்டகடு விற்கின்றது. கடைக்காரர் அதனை லைனர் என்பர். வெனீருக்கும் இவ்விதி பொருந்தும்: முன்னே தேக்கு ஏடு ஒட்டினால் பின்னே ஏதேனும் ஓர் எளிய மரத்து ஏடாவது ஒட்டுக.

மூன்றாவது பிழையே பெரிது, விளிம்பு. கதவின் மேல்விளிம்பும் பக்க விளிம்புகளும் கண்ணுக்குத் தெரிவனவாதலின் அவற்றுக்குப் பட்டை ஒட்டி அழகுசெய்தோம். அடிவிளிம்பைக் குனிந்து பார்ப்பார் யார்? அதனை வெறுமனே விட்டோம். தரையைக் கழுவிய நீரும், இரவிற் குளிர்ந்த வேனின் தகரச் சுவரில் வியர்த்து வழிந்த நீரும் அங்கேதான் தங்கின. ஒட்டுப்பலகையின் முகம் நீரை மெல்ல ஏற்கும். விளிம்போ, அடுக்குகளின் வரிவாய் திறந்து கிடப்பதனால், விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சும். உரிந்த இடங்களை எல்லாம் எண்ணினோம். பதினொரு கதவுகளில் ஏழு உரிந்திருந்தன; ஏழும் அடிவிளிம்பில் தொடங்கியே உரிந்திருந்தன. மாமன் படகுத்தச்சராதலின் இதனைக் கண்டு நெடுநேரம் வாளா இருந்தார். படகில் நீர் புகும் வழியை அடைப்பதே அவர் வாழ்நாள் தொழில். கரைக்கு வந்தவுடன் அதனை மறந்துவிட்டோமே என்று நாணினார் போலும்.

பலகையைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். இந்தியத் தர நிறுவனத்தார் வகுத்த அளவைப்படி ஒட்டுப்பலகை மூவகைப்படும். ஈரம் ஓரளவு தாங்கும் பலகை 60 பாகைச் சூட்டு நீரில் 3 மணிநேரம் கிடந்து அடுக்குப் பிரியாதிருத்தல் வேண்டும். கொதிநீர் தாங்குவது என்று சொல்லப்படுவது 8 மணிநேரம் கொதித்தல் வேண்டும். இவ்விரண்டும் ஐ.எஸ். 303 என்னும் எண்ணின் கீழ் அடங்கும். கடற்பயனுக்கு உரிய பலகை ஐ.எஸ். 710 என்னும் எண்ணுடையது. 72 மணிநேரக் கொதிப்பைத் தாங்குதல் வேண்டும். பலகையின்மேல் எண்ணை அச்சடித்தல் எளிது. ஆதலின் மாமன் உள்ளங்கையளவு துண்டொன்றை அறுத்து, அத்தை நெல் அவிக்கும் அண்டாவில் இட்டு, பனைமட்டையால் இரண்டு பகல் எரித்தார். துண்டு பிரியவில்லை. அத்தைக்கு அவ்வண்டா திரும்பக் கிடைக்கச் சில நாளாயிற்று. அதுபற்றி எழுந்த உரையாடலை ஈண்டு எழுதாது விடுகின்றோம்.

ஊர்தி இல்லத்துக்கு எடையும் ஒரு பொருட்டு. வீட்டலமாரிக்கு வழங்கும் 18 மில்லிமீட்டர்ப் பலகை ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் நிறுக்கும். அதனைக்கொண்டு தலைக்குமேல் அலமாரி அமைத்தால், வளைவிலே வண்டி சாயும், எரிபொருளும் வீணாகும். எனவே கதவுகளுக்கு 12 மில்லிமீட்டரும் முதுகுப் பலகைக்கு 6 மில்லிமீட்டரும் கொண்டோம். மெல்லிய கதவில் குழிதோண்டிப் பொருத்தும் கீல் நில்லாது. கதவின் நீளம் முழுதும் ஓடும் பியானோ கீலே ஏற்றது. கீலும் திருகாணியும் துருவேறாத எஃகாக இருத்தல் இங்குக் கட்டாயம். கதவுகள் ஓட்டத்தில் தாமே திறவாதிருக்க அழுத்திப் பூட்டும் பொத்தான் தாழ் வைத்தோம். உமணர் கயிற்றாற் கட்டினர், கருத்து ஒன்றே.

இனி மைக்காவா வெனீரா என்னும் வழக்கு எழுந்தது. ஆசிரியர் மைக்கா போதுமென்றார். அவர் துணைவியார் பிறந்தவூர் தேவகோட்டை. பர்மாத் தேக்குத் தூண்களுக்கிடையே வளர்ந்தவர். "அச்சடித்த மரத்தைப் பார்த்துக்கொண்டு எப்படித் தூங்குவது?" என்பது அவர் வினா. யாம் அவர் பக்கமே சாய்ந்தோம் என்பதை மறைக்கவில்லை. மைக்கா உடைந்தாற் பழையபடி ஆக்கவொண்ணாது. அத்தகட்டையே மாற்றல் வேண்டும். வெனீரோ மங்கினால் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து மீண்டும் மெருகேற்றலாம். (மரந்தேய்க்கும் மணற்றாளுக்கு உப்புத்தாள் என்று நம் தச்சர் எக்காலத்துப் பெயரிட்டனரோ! உப்புக்கரையில் அப்பெயர் ஒரு கேலிபோல் ஒலிக்கின்றது.) ஆனால் ஏட்டின் கனம் அரை மில்லிமீட்டரே, இரண்டொரு முறைக்குமேல் தேய்த்தால் அடிப்பலகை வெளிப்படும். அடுப்புக்கும் நீர்த்தொட்டிக்கும் அருகில் அது நிலையாது. முடிவில், தலைக்குமேலுள்ள ஐந்து கதவுகளுக்குத் தேக்கு வெனீரும், கீழுள்ள ஆறு கதவுகளுக்கு மைக்காவும் என்று இருவரும் உடன்பட்டனர்.

ஒட்டும் முறையைச் சிறிது விரித்துரைப்போம். பிழை பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றது. கதவுகளைக் கழற்றுமுன் ஒவ்வொன்றின் பின்னும் எண் இடுக. வேனின் சுவர் வளைந்திருப்பதனால் ஒரு கதவின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பழைய மைக்கா அசையாது உறுதியாக இருப்பின் உரிக்க வேண்டா. அதன் மினுமினுப்பு முற்றும் நீங்கத் தேய்த்து அதன்மேலேயே புதியதை ஒட்டலாம். எம் கதவுகளோ பழுதுற்றவையாதலின் பலகையே புதிது. மைக்காவைக் கதவின் அளவைவிடச் சுற்றிலும் விரற்கடை மிகுதியாக அறுத்துக்கொள்ள வேண்டும். பின்னர்ப் பலகையிலும் தகட்டிலும் இரப்பர்ப் பசையை மெல்லியதாகப் பரப்பி, விரல் வைத்தால் ஒட்டாத நிலை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அப்பசையின் இயல்பு கொடிது. இரண்டு முகமும் ஒருமுறை தொட்டுவிட்டால் மீண்டும் நகர்த்த இயலாது. அதனால் மாமன் பலகையின்மேல் தென்னை ஈர்க்குகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் தகட்டை வைத்து, நான்கு மூலையும் நேராகும்வரை மெல்ல நகர்த்தினார். நேரானதும் நடு ஈர்க்கை முதலில் உருவி அங்கே அழுத்தினார். பின் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒவ்வொன்றாக உருவினார். ஓரத்திலிருந்து தொடங்கினால் காற்று நடுவே அகப்பட்டுக் குமிழாகும். பிறகு உருளையால் அழுத்தி, மிஞ்சிய விளிம்பை அரத்தால் ஒரே திசையில், தகட்டிலிருந்து பலகை நோக்கித் தேய்த்தார். எதிர்த்திசையில் தேய்த்தால் தகடு சில்லாகத் தெறிக்கும்.

ஒட்டுவதற்கு உரிய பொழுதும் ஒன்றுண்டு. பசையிலுள்ள திரவம் ஆவியாகும்போது பரப்புக் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அக்குளிர்ந்த பரப்பின்மேல் கண்ணுக்குப் புலனாகாத பனித்திரை படியும். அதன்பின் எத்துணை அழுத்தினும் பிடிக்காது. ஆதலின் விடியலிலும் மாலையிலும் மழைமுகத்திலும் ஒட்டலாகாது. தை மாதத்தில், பொங்கல் விடுமுறையில், முற்பகல் பதினொரு மணிக்குமேல் மூன்று மணிக்குள் என்று மாமன் வரையறுத்தார். வெயிலில் நிறுத்திப் பூட்டிய வேனுக்குள் எழும் சூடு இப்பசையை இளக்கவும் வல்லது. எனவே வெனீர்க் கதவுகளுக்கு அதனைக் கொள்ளாது, நீர்தாங்கும் வெண்பசை தடவி, இரு பலகைகளுக்கிடையே வைத்து, படகு நங்கூரக் கற்களைப் பாரமாக ஏற்றி ஒருநாள் முழுதும் விட்டார். விளிம்புகள் அனைத்துக்கும், அடிவிளிம்பு முதலாகத் திருகாணித் துளைகள் ஈறாக, எப்பாக்சிப் பிசினை இருமுறை பூசினோம். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஈர்க்கின் நுனியாற் பிசின் இடுவது எம் பணியாயிற்று. அறுபத்தாறு துளைகள்!

பேத்தியின் கண்ணெரிச்சலை யாம் மறந்தோமில்லை. பலகைகளை ஒட்டும் பிசின்களிற் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு என்னும் பொருள் உளது. அது நாட்பட ஆவியாகி வெளிப்படும். கண்ணையும் மூக்கையும் எரிக்கும். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையத்தார் 2004-இல் அதனை மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கும் பொருளென்று வகுத்தனர். 2005-இல் அமெரிக்காவிற் கத்ரீனாப் புயலால் வீடிழந்தோர்க்கு அரசினர் ஊர்தி இல்லங்களை வழங்கினர். அவற்றில் வாழ்ந்தோர் கண்ணெரிச்சலும் மூச்சிடரும் உற்று முறையிட்டனர். அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தார் 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலும் 519 இல்லங்களின் காற்றைச் சோதித்தபோது, நூறுகோடிப் பங்கில் சராசரி 77 பங்கு ஃபார்மால்டிஹைடு இருக்கக் கண்டனர். அது வழக்கமான வீட்டுக் காற்றைவிட மிகுதி. மரப்பலகைகள் வெளியிடும் அளவை வரையறுக்கும் சட்டம் அங்கே 2010-இல் இயற்றப்பட்டது. புயலுக்குத் தப்பியோர் அலமாரிக்குத் தப்பவில்லை என்பதை வாசித்த அன்று எமக்கு உறக்கம் வரவில்லை.

எம் குழந்தையின் எரிச்சலுக்குக் காரணம் பலகையோ பசையோ என்று துணிய எம்மிடம் கருவியில்லை. இரண்டுமாகலாம். வேன் சிறிது, மணற்காற்றுக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துப் படுத்தனர், வேலை முடிந்த மூன்றாம் நாளே புறப்பட்டுமிருந்தனர். ஆனால் ஒன்று தெளிவாயிற்று. நீர் உள்ளே புகும் வழி எதுவோ, அதுவே ஆவி வெளியே வரும் வழி. இருமுகமும் தகடு போர்த்து விளிம்பும் அடைத்த பலகையிலிருந்து ஆவி மிகக் குறைவாகவே வெளிவரும். அடைக்காத விளிம்பும் முதுகும் அதற்குத் திறந்த வாயில்கள். ஆகவே கதவைக் காக்க நாம் செய்வதெல்லாம் குழந்தையையும் காக்கும். மறுமுறை, ஆவி குறைந்த பலகையென்று முத்திரை பெற்றதையே மாமன் தேடி வாங்கினார். அதற்கென ஒரு சிறுகடனும் பட்டார். ஒட்டும் வேலையை வேனுக்குள் செய்யாது வெளிக்கொட்டகையிற் செய்தார். முடித்த கதவுகளை இரண்டு வாரம் காற்றாடத் தொங்கவிட்டார். ஆசிரியர் அவசரப்பட்டார், மாமன் இசையவில்லை.

இரப்பர்ப் பசையின் ஆவி தீப்பற்றும் தன்மையது என்பதையும் சொல்லவேண்டும். 2023 ஆகஸ்டு 26-ஆம் நாள் மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா இரயில்பெட்டியொன்றில் சட்டத்துக்கு மாறாகக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி 9 பேர் மாண்டதை நம் கல்லூரியிற் பலரும் அறிவர். பசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனினும் மரமும் துணியும் நிறைந்த ஒடுங்கிய அறையில் தீயின் விரைவு எத்தகையது என்பதை அது காட்டிற்று. கோடையில் யாம் வேனுக்குள் பசை பூசிக்கொண்டிருக்கையில், அத்தை தேநீர் வைக்க அவ்வேனின் அடுப்பையே பற்றவைக்க வந்ததும், மாமன் கூவித் தடுத்ததும் இன்றும் நினைவில் நடுக்கம் தருகின்றன.

கடைசியாக, அலமாரிகளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்று உலவத் துளைகள் அமைத்தோம். தகரம் வியர்த்தாலும் அந்நீர் பலகையைத் தொடாது வழிந்துபோம். மாசி முதல் வாரத்தில் வேன் புறப்பட்டது. தேக்குக் கதவுகளைத் துணைவியார் கையால் தடவிப் பார்த்தாரேயன்றி ஒன்றும் கூறவில்லை. பணியாரமும் இம்முறை வரவில்லை.

அடுத்த மழைக்காலம் கழிந்து மார்கழிக் கடைசியில் அவர்கள் தாமாகவே தங்கச்சிமடம் வந்தனர். பேத்தி வேனுக்குள்ளிருந்து இறங்க மறுத்து, மேலலமாரிக் கதவைத் திறந்தும் மூடியும் விளையாடிக்கொண்டிருந்தாள். மாமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையிற் படுத்து, கதவு ஒவ்வொன்றின் அடிவிளிம்பையும் விரலால் தடவிவந்தார். பத்துக் கதவுகள் நன்றாயிருந்தன. நீர்த்தொட்டியின் கீழுள்ளதில் மட்டும், ஒரு மூலையில் நகக்கண்ணளவு தகடு எழும்பியிருந்தது. அந்த மூலையின் துளைக்குப் பிசின் இட்டது யார் என்று அவர் எம்மை வினவவில்லை. அரத்தையும் எப்பாக்சிப் புட்டியையும் எடுத்துவரும்படி மட்டும் சொன்னார்.